ஜீவனாம்ச ஆணையை மாற்றுவதும் நிறுத்துவதும்: மனுவுக்கு முன்பிருந்து சான்று நகல் வரை

விவாகரத்துக்குப் பின் மாதாமாதம் ஜீவனாம்சம் கொடுக்கும்படி நீதிமன்றம் ஆணையிட்டிருந்தால், அந்தத் தொகையைக் குறைக்கவோ கூட்டவோ நிறுத்தவோ நீதிமன்றத்தால் மட்டுமே முடியும். இருவரும் வாய்மொழியாக ஒத்துக்கொண்டாலும், வேலை போனாலும், முன்னாள் மனைவி மறுமணம் செய்துகொண்டாலும் ஆணை தானாகக் காலாவதி ஆவதில்லை. இந்த ஒரு விஷயம் தெரியாததால் நிலுவைக் கடனில் சிக்கியவர்களின் வழக்குக் கட்டுகளைப் பல ஆண்டுகளாகப் புரட்டி, மனு எழுத உதவி வருகிறேன். என்ன செய்ய வேண்டும் என்பதை விட எதை முதலில் செய்ய வேண்டும் என்பதில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். அதனால் படிகளை வரிசைப்படியே எழுதியிருக்கிறேன். இங்கே சொல்லப்படுவது இந்தியச் சட்டம்; நடைமுறை விவரங்கள் தமிழ்நாட்டு நீதிமன்றங்களை ஒட்டியவை. தொகையைக் குறைக்கக் கேட்பவருக்கும் கூட்டிக் கேட்பவருக்கும் பாதை ஒன்றே.

1. மனு போடும் வரை, போட்ட பிறகும், பணத்தை நிறுத்த வேண்டாம்

ஆணை நடைமுறையில் இருக்கும் ஒவ்வொரு மாதமும் தனித்தனிக் கடனாக ஏறுகிறது. மாதம் 15,000 ரூபாய் கொடுக்க வேண்டியவர் எட்டு மாதம் நிறுத்தினால், குறைக்கக் கோரும் மனு விசாரணைக்கு வரும் நாளில் அவர் 1,20,000 ரூபாய் பாக்கிக்காரராக நிற்கிறார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்து நீட்டுவது அந்தக் கணக்கைத்தான்.

நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் பெற்ற ஆணையாக இருந்தால், கொடுக்கத் தவறிய ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. சிறையில் இருந்துவிட்டால் கடன் கழிந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. சிறைவாசம் கொடுக்க வைப்பதற்கான வழியே ஒழிய, கடனைத் தீர்ப்பதாகாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது.

முழுத் தொகையும் கொடுக்க உண்மையிலேயே இயலவில்லை என்றால், இயன்றதை வங்கி வழியாகவே, மாதம் தவறாமல், எந்த மாதத்துக்கான தொகை என்று குறிப்பிட்டு அனுப்புங்கள். பணமாகக் கையில் கொடுத்தது கொடுத்ததாகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதை மெய்ப்பிக்க வழி இருக்காது. குழந்தையின் பள்ளிக் கட்டணத்தை நேரடியாகக் கட்டிவிட்டு, அதை ஜீவனாம்சத்தில் தாமாகவே கழித்துக்கொள்வதும் இதே வகைப் பிழைதான். ஆணையில் அப்படி எழுதப்பட்டிருந்தால் ஒழிய, கழிவு செல்லாது.

2. உங்கள் ஆணை எந்தச் சட்டத்தில் பிறந்தது என்று பாருங்கள்

தீர்ப்பின் முதல் பக்கத்தில் இருக்கும் வழக்கு எண்ணே இதற்குப் பதில் சொல்லும். மாற்றக் கோரும் மனுவின் பிரிவு, அதைத் தாக்கல் செய்யும் இடம், தீர்ப்புக்கு எதிரான வழி ஆகிய மூன்றும் இதைப் பொறுத்தவை என்பதால், இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது.

எண் ‘எம்.சி.’ (ஜீவனாம்ச வழக்கு) என்று தொடங்கினால், அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் வந்த ஆணை. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய 125 இப்போது 144. தொகையை மாற்றும் பழைய 127 இப்போது 146. வசூலுக்கான பழைய 128 இப்போது 147. பழைய சட்டத்தில் வந்த ஆணை புதிய சட்டத்தின் கீழ் வந்ததாகவே கருதப்படும் என்பதால், 2019-இல் பெற்ற ஆணையை மாற்றவும் 146-ஆம் பிரிவில் புதிய மனு போடலாம். பிரிவு எண் தவறினால் மட்டுமே மனு தோற்றுவிடாது. ஆனால் திருத்தக் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டு ஒரு மாதம் வீணாகும்.

‘எச்.எம்.ஓ.பி.’ (இந்து திருமண அசல் மனு) அல்லது குடும்ப நல நீதிமன்றத்தின் ‘ஓ.பி.’ (அசல் மனு) எண் என்றால், விவாகரத்துத் தீர்ப்போடு வந்த நிரந்தர ஜீவனாம்சமாக இருக்கும். இந்து திருமணச் சட்டம், 1955 என்றால் 25-ஆம் பிரிவு. அதன் இரண்டாம் உட்பிரிவு, இருவரில் எவருடைய சூழ்நிலை மாறினாலும் ஆணையை மாற்றவோ ரத்து செய்யவோ இடம் தருகிறது. மூன்றாம் உட்பிரிவு மறுமணம், ஒழுக்கம் பற்றியது. சிறப்புத் திருமணச் சட்டம், 1954-இல் இதற்கு இணையானது 37-ஆம் பிரிவு. கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்திலும் 37-ஆம் பிரிவுதான். கணவரால் பின்னாளில் கொடுக்க இயலாமல் போனால் ஆணையை மாற்றவோ, தற்காலிகமாக நிறுத்தி வைத்துப் பிறகு உயிர்ப்பிக்கவோ அது வழி செய்கிறது.

குடும்ப வன்முறைச் சட்டம், 2005-இன் கீழ் வந்த மாதத் தொகை என்றால் 25(2)-ஆம் பிரிவு. இதில் ஒரு கண்டிப்பு உண்டு. ஆணைக்குப் பிறகு நடந்த மாற்றத்தை மட்டுமே காட்ட முடியும், புதிய ஆணை இனி வரும் காலத்துக்கே பொருந்தும், ஏற்கெனவே கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது.

இரண்டு ஆணைகள் ஒரே நேரத்தில் ஓடுவதும் சாதாரணம். முதலில் எம்.சி.யில் 8,000, பிறகு விவாகரத்தில் 12,000 என்று வந்திருக்கும். இரண்டும் சேர்த்து 20,000-மா, அல்லது ஒன்றில் மற்றொன்று அடங்குமா என்று தீர்ப்பில் எழுதியிருக்காது. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று வந்த தீர்ப்பின்படி, முந்தைய ஆணையைப் பிந்தைய நீதிமன்றத்துக்குச் சொல்வது கட்டாயம். முன்பே வழங்கிய தொகையைக் கழித்தோ ஈடுசெய்தோ நீதிமன்றம் முடிவு செய்யும். உரிமையியல் நீதிமன்றத்தின் முடிவால் எம்.சி. ஆணை மாற வேண்டியிருந்தால், 146-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் நடுவரிடம் அதற்காகவே தனி மனு போட வேண்டும்.

3. உங்கள் குறை மாற்றத்தைப் பற்றியதா, தீர்ப்பைப் பற்றியதா

‘தொகையை அன்றைக்கே அதிகமாகப் போட்டுவிட்டார்கள்’ என்பது சூழ்நிலை மாற்றம் அல்ல. அது மேல்முறையீட்டுக்கு உரிய குறை. குடும்ப நல நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக உயர் நீதிமன்றம் செல்ல 30 நாள்தான் அவகாசம், எம்.சி. ஆணைக்கு மேல்முறையீடு கிடையாது, சீராய்வு (ரிவிஷன்) மனு மட்டுமே உண்டு. அந்தக் காலத்தைத் தவறவிட்டவர்கள் பழைய வாதத்தையே மாற்ற மனுவில் நுழைக்கப் பார்ப்பார்கள். நீதிபதி இரண்டாவது பத்தியிலேயே அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

ஒரே தவணையில் மொத்தமாகக் கொடுத்துப் பரஸ்பர சம்மதத்தில் பிரிந்தவர்களுக்கு இந்த வழிகாட்டி பெரும்பாலும் பயன்படாது. கொடுத்து முடிந்த மொத்தத் தொகையை, முன்னாள் மனைவி அடுத்த ஆண்டே மறுமணம் செய்துகொண்டார் என்பதற்காகத் திரும்பக் கேட்டு வெற்றி பெற்றவரை நான் பார்த்ததில்லை.

4. உங்கள் காரணம் நிற்குமா என்று கடுமையாகச் சோதியுங்கள்

மறுமணம் மிகத் தெளிவான காரணம். 144-ஆம் பிரிவில், விவாகரத்தான பெண் மறுமணம் செய்யாதவரை மட்டுமே ‘மனைவி’ என்ற சொல்லுக்குள் வருகிறார். மறுமண நாளிலிருந்தே ஆணையை ரத்து செய்ய 146(3) வழி செய்கிறது. ஆனால் குழந்தையின் பங்கு தாயின் மறுமணத்தால் நிற்காது. இங்கேதான் பழைய ஆணையின் வாசகம் தொல்லை தரும். ‘மனுதாரருக்கும் மகனுக்கும் சேர்த்து மாதம் 18,000’ என்று பிரிக்காமல் எழுதியிருந்தால், யாருக்கு எவ்வளவு என்று பிரித்துத் தரும்படியும் அதே மனுவில் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பாதி வெற்றி பெற்றும் கணக்குத் தீராது. மகனுக்குப் பதினெட்டு வயது நிரம்பும்போதும் இதே சிக்கல் வரும். மணமாகாத மகள் வயது வந்த பிறகும், தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவராக இருந்தால், இந்துத் தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் உரிமை கோரலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஓய்வு, நோய், ஆட்குறைப்பு ஆகியவை நிற்கும் காரணங்கள்; தானாக எழுதிக் கொடுத்த ராஜினாமா பெரும்பாலும் நிற்காது. உடல் நலமுள்ளவர் உடலுழைப்பு செய்தாவது மனைவி மக்களைக் காக்க வேண்டியவரே என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் மீண்டும் சொன்னது. ஓய்வு பெற்றால் தொகை பாதியாகிவிடும் என்று எதிர்பார்ப்பதும் ஆபத்து: ஓய்வைக் காரணம் காட்டி 4,000 ரூபாயை 2,000 ஆக்கிய உயர் நீதிமன்ற ஆணையை 2015-இல் உச்ச நீதிமன்றம் ஏற்காமல், பழைய தொகையையே நிலைநாட்டியது.

ஜீவனாம்சம் பெறுபவருக்கு வேலை கிடைத்துவிட்டது என்பது வலுவான காரணமாகத் தோன்றும். ஆனால் சம்பாதிக்கும் திறன் வேறு, சம்பாதிப்பது வேறு. சம்பாதித்தாலும் அது திருமண வாழ்வில் இருந்த நிலையில் வாழப் போதுமா என்பதுதான் கேள்வி. ஆகவே ‘எம்.காம். படித்தவர்’ என்று எழுதிப் பயனில்லை. எங்கே, எப்போதிலிருந்து, எவ்வளவு என்று எழுத முடிந்தால் எழுதுங்கள்.

கொடுப்பவரின் புதிய குடும்பம் தனித்து நிற்காவிட்டாலும், மற்ற காரணங்களோடு சேர்ந்து எடை பெறும். 2017-இல் ஒரு வழக்கில் மாதம் 23,000 ரூபாயை 20,000 ஆகக் குறைத்தபோது, கணவர் மறுமணம் செய்து குழந்தையும் பெற்றிருந்ததை உச்ச நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. அதே தீர்ப்பில்தான் கையில் வரும் சம்பளத்தில் 25 சதவீதம் என்ற அளவுகோலும் பேசப்பட்டது. பலர் அதைச் சட்ட விதி என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள்; அது வழக்குக்கு வழக்கு கூடும், குறையும்.

ஒழுக்கம் பற்றிய குற்றச்சாட்டை இருமுறை யோசித்தே எழுதுங்கள். எம்.சி. ஆணைகளில் சட்டம் கேட்பது தொடர்ந்து பிறனோடு வாழ்வதை. எப்போதோ நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சம்பவம் போதாது. மெய்ப்பிக்க முடியாத பழி, உங்களுடைய மற்ற உண்மைகளின் மீதான நம்பிக்கையையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

கூட்டிக் கேட்பவர்களுக்கு விலைவாசி ஏற்றம், மருத்துவச் செலவு, குழந்தை மேல்வகுப்புக்குப் போனது, கொடுப்பவரின் பதவி உயர்வு ஆகியவை வழக்கமான காரணங்கள். ‘விலைவாசி ஏறிவிட்டது’ என்ற ஒற்றை வரியால் பயனில்லை. அன்றைய வாடகை ரசீதும் இன்றைய வாடகை ரசீதும் அருகருகே இருந்தால் வாதமே வேண்டியதில்லை.

5. ‘அன்று – இன்று’ தாளைத் தயார் செய்யுங்கள்

ஆதாரம் திரட்டுவதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளை நடுவில் கோடு போட்டுப் பிரிக்கச் சொல்வேன். இடப்பக்கம் ஆணை வந்த நாளில் இருந்த நிலை. வலப்பக்கம் இன்றைய நிலை. இடப்பக்கத்தை நினைவிலிருந்து நிரப்பக் கூடாது, தீர்ப்பிலிருந்தே எடுக்க வேண்டும். ஏனெனில் நீதிபதி ஒப்பிடப் போவது அன்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட தொகையோடுதான். உங்கள் சம்பளம் அன்று 60,000 என்று நீங்கள் சொல்லியிருந்தாலும் தீர்ப்பு 75,000 என்று முடிவு செய்திருந்தால், இடப்பக்கத்தில் 75,000 என்றே எழுத வேண்டும்.

பிறகு வலப்பக்கத்தின் ஒவ்வொரு வரிக்கும் நேரே ஒரு ஆவணத்தின் பெயர் வர வேண்டும். பணிநீக்கக் கடிதம், ஓய்வூதிய ஆணை, மருத்துவமனை வெளியேற்றச் சுருக்கம், படிவம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்கு நிறுவனம் தரும் சான்று), கடந்த மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கும் வங்கிக் கணக்கு அறிக்கையும், மறுமணம் என்றால் பதிவுச் சான்று. ஆவணம் இல்லாத வரியை அடித்துவிடுங்கள், அல்லது அதைச் சொல்ல ஒரு சாட்சியைத் தேடுங்கள். எதிர்த்தரப்பின் சம்பள விவரம் உங்களிடம் இல்லை என்றால், அவர் வேலை செய்யும் நிறுவனத்தைச் சரியான பெயர், முகவரியோடு குறித்து வையுங்கள். ஆவணத்தை வரவழைக்க நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

வீட்டுக் கடன், கார் கடன், நகைக் கடன் தவணைகளை வலப்பக்கத்தில் அடுக்கிக்கொண்டு போவது அடிக்கடி காணும் பிழை. வருமான வரி, வருங்கால வைப்பு நிதி போன்ற கட்டாயப் பிடித்தங்களைத்தான் நீதிமன்றங்கள் வழக்கமாகக் கழிக்கின்றன. தாமே விரும்பி ஏற்ற தவணைகளை அல்ல.

6. சொத்து, கடன் விவரங்களுக்கான உறுதிமொழிப் பத்திரம்

ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கின் 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு, இருவரும் வருமானம், செலவு, சொத்து, கடன் அனைத்தையும் குறிப்பிட்ட படிவத்தில் உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். வேளாண் வருமானத்தை நம்பி வாழ்பவர்களுக்குப் படிவம் தனி. மாற்றக் கோரும் மனுவிலும் இதையே கேட்பார்கள் என்பதால் மனுவோடு சேர்த்தே கொடுத்துவிடுவது நல்லது. பிறகு கொடுப்பதாகச் சொன்னால் இரண்டு வாய்தா போய்விடும்.

ஓய்வு பெற்ற ஒருவரின் பத்திரம் நினைவுக்கு வருகிறது. மாத ஓய்வூதியம் 31,000 என்று சரியாகவே எழுதியிருந்தார். குறுக்கு விசாரணையில் கேட்கப்பட்ட முதல் கேள்வி, ‘பணிக்கொடை எவ்வளவு வாங்கினீர்கள்?’ என்பது. இரண்டாவது, ‘அது இப்போது எங்கே இருக்கிறது?’ அந்தத் தொகையையும், ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை மொத்தமாகப் பெற்றதையும் அவர் வேண்டுமென்றே மறைக்கவில்லை. ‘மாத வருமானம்’ என்ற கட்டத்தை நிரப்பியதோடு நிறுத்திக்கொண்டார். குறைப்பதற்கு எல்லா நியாயமும் இருந்த மனு அத்தோடு தள்ளாடத் தொடங்கியது.

தெரிந்தே பொய் எழுதியிருந்தால், பொய்ச் சாட்சியத்துக்கான நடவடிக்கையையும் நீதிமன்றம் தொடங்கலாம். வழக்கு நடக்கும்போதே வேலை மாறினாலோ வருமானம் மாறினாலோ, திருத்திய பத்திரத்தைக் கேட்காமலேயே கொடுத்துவிடுங்கள்.

7. மனுவை எழுதுவதும் தாக்கல் செய்வதும்

ஆணை வழங்கிய அதே நீதிமன்றத்தில்தான் மாற்றக் கோரும் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். இருவருமே ஊர் மாறியிருந்தாலும் இதுதான் வழக்கம். வசூலிக்கும் மனுவுக்கு மட்டும் விதி தளர்வு: எம்.சி. ஆணையை, கொடுக்க வேண்டியவர் எங்கே இருக்கிறாரோ அங்கேயுள்ள நடுவரிடம் நிறைவேற்றக் கேட்கலாம்.

மனுவுக்கு முன் பழைய தீர்ப்பின் சான்று நகலுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். பல ஆண்டு பழைய கட்டு ஆவணக் காப்பறைக்குப் போயிருந்தால் நகல் வருவதற்கே வாரக்கணக்கில் ஆகும். எல்லாம் தயாராக இருந்தும் இந்த ஒரு தாளுக்காகக் காத்திருப்பவர்கள் நிறைய. வழக்கு எண் மறந்து போயிருந்தால், இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரையும் ஆண்டையும் கொடுத்துத் தேடலாம்.

மனுவின் உடல் நான்கு கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். எந்த ஆணை, என்ன தொகை? இன்று வரை எவ்வளவு கட்டியாயிற்று? அதன் பிறகு எந்தத் தேதியில் என்ன மாறியது? இப்போது என்ன தொகை கேட்கிறீர்கள், எந்த நாளிலிருந்து? கடைசிக் கேள்விக்கு ‘நீதிமன்றம் தக்கதெனக் கருதும் தொகை’ என்று மட்டும் எழுதி விடுபவர்களே அதிகம். ஒரு தொகையைச் சொல்லி, அதற்கு எப்படி வந்தீர்கள் என்று இரண்டு வரியில் கணக்குக் காட்டுங்கள்.

தேதியும் முக்கியம். மறுமணத்துக்குச் சட்டமே தேதி சொல்கிறது. மற்ற காரணங்களில், அதிகபட்சமாக மனு தாக்கல் செய்த நாளிலிருந்து மாற்றம் கிடைக்கலாம் என்றே எதிர்பார்க்க வேண்டும். வேலை போனது ஜனவரியில், மனு போட்டது அக்டோபரில் என்றால் இடைப்பட்ட மாதங்களுக்குப் பழைய தொகையே கடன்.

குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்கறிஞரை வைத்துக்கொள்வது உரிமை அல்ல, அனுமதி பெற்றே வைக்க வேண்டும். நடைமுறையில் அனுமதி பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்க வேண்டும்.

8. விசாரணை நடக்கும் காலம்

அறிவிப்பு, எதிர்மனு, சாட்சியம், வாதம் என்று வழக்கமான வரிசையில் போகும். உடனடி நெருக்கடி இருந்தால், இறுதி முடிவு வரும் வரை தொகையைக் குறைத்துக் கட்ட அனுமதி கேட்டு இடைக்கால மனுவை முதல் நாளே சேர்த்துப் போடுங்கள்; அது தனியாகக் கேட்காமல் கிடைக்காது.

எதிர்த்தரப்பு வசூல் மனு போட்டிருந்தால், மாற்ற மனு நிலுவையில் இருக்கிறது என்பது மட்டும் அதற்குப் பதில் ஆகாது. வசூலிப்பவருக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு: எம்.சி. நிலுவைக்குப் பிடியாணை கேட்கும் மனுவை, தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். ‘அவர் மாற்ற மனு போட்டிருக்கிறாரே, அது முடியட்டும்’ என்று காத்திருந்து பழைய மாதங்களைக் கோட்டை விட்டவர்கள் உண்டு.

9. இருவரும் ஒத்துக்கொண்டால்

இதுவே குறைந்த செலவில் முடியும் வழி. ஆனால் ஒத்துக்கொண்டதை முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வீட்டில் வைப்பதோடு முடியாது. இருவரும் கையெழுத்திட்ட கூட்டுக் குறிப்பாணையாக (ஜாயின்ட் மெமோ) நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, அதன்படி ஆணை பெற வேண்டும். புதிய தொகை, தொடங்கும் மாதம், பழைய நிலுவை தள்ளுபடியா இல்லையா, குழந்தையின் பங்கு எவ்வளவு என்ற நான்கும் அதில் தனித்தனி வரியாக இருக்கட்டும்.

‘இனி எந்தக் காலத்திலும் ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்’ என்ற வரியை மட்டும் நம்பி நிம்மதி அடைய வேண்டாம். அப்படி ஒரு சமரசத்துக்குப் பிறகும், இந்துத் தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில் மனைவி தொடுத்த வழக்கு செல்லும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விவாகரத்துக்குப் பின் தானாக முன்வந்து உரிமையை விட்டுக்கொடுப்பதை 146(3) ஏற்கிறது என்றாலும், அவர் அதை விரும்பித்தான் செய்தார் என்பதை நீதிபதி முன்னிலையில் பதிவு செய்வதே பாதுகாப்பு. குழந்தையின் உரிமையைத் தாய் விட்டுக்கொடுத்ததாக எழுதிய வரிக்கு மதிப்பே இல்லை.

10. ஆணை கைக்கு வந்ததும்

அன்றே சான்று நகலுக்கு விண்ணப்பியுங்கள். சம்பளத்திலிருந்து பிடித்தம் நடக்கிறது என்றால், நகலை அலுவலகத்தின் சம்பளப் பிரிவுக்கு ஒப்புகையோடு கொடுக்கும் வரை பழைய தொகையே பிடிக்கப்படும். அவர்கள் செய்தித்தாளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளப் போவதில்லை. வேறு நீதிமன்றத்தில் வசூல் மனு நிலுவையில் இருந்தால் அங்கும் ஒரு நகலைத் தாக்கல் செய்து, பழைய ஆணைப்படி எந்த மாதம் வரை, புதிய ஆணைப்படி எந்த மாதம் முதல் என்று கணக்குத் தாள் ஒன்றை இணையுங்கள். நீதிமன்றம் தேதி குறிப்பிடாமல் ஆணையிட்டிருந்தால், கட்டத் தொடங்குவதற்கு முன்பே விளக்கம் கோரி ஒரு சிறு மனு போட்டு அந்தத் தேதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.